குறை எண் என்பதற்காக அடித்துவிடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் தன் நோட்டுப் பக்கம் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கூடவே ஒரே ஒரு வரி: "பெரியம்மா, இதுல எங்க தப்பு?"

பக்கம் முழுக்க ஒரே கணக்கு. கையெழுத்து சுத்தமாக இருந்தது, ஒவ்வொரு படியும் தனி வரியில். இரண்டு மடக்கைகளை (லாகரிதங்களை) ஒன்றாகச் சேர்த்து, இருபடிச் சமன்பாடாக்கி, காரணிப்படுத்தி, 5, −1 என்று இரண்டு விடைகளைக் கண்டுபிடித்திருந்தாள். பிறகு −1-ஐக் குறுக்கே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "குறை எண், ஏற்க முடியாது" என்று எழுதி, 5-ஐக் கட்டம் கட்டியிருந்தாள். பாடநூலின் கடைசிப் பக்கங்களில் கொடுத்திருந்த விடை −1.

அந்தக் கோடு எனக்கு ரொம்பப் பழக்கமானது. பதினேழு வயதில் ஒரு தேர்வில் இதே மாதிரி ஒரு கணக்கில் நானும் அதைப் போட்டிருக்கிறேன். மடக்கைக் கணக்கில் குறை எண் விடையாக வந்தால் அடித்துவிட வேண்டும் என்று யாரோ சொல்ல, அதை விதி என்றே நம்பியிருந்தேன். அது விதி இல்லை என்று புரிந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அவளுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது என்றுதான் அன்று மாலை முழுவதும் போனில் உட்கார்ந்தோம். பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற வேறு யாருக்காவது உதவும்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. இயல் மடக்கையை, கணிப்பான் பொத்தானை நாம் எப்படி வாசிப்போமோ அப்படியே எல்என் என்று எழுதுகிறேன். தெரியாத எண் க. இயல் மடக்கையின் அடிமானமான 2.71828... என்ற மாறிலி ஈ. எல்என்(க) = 3 என்றால் ஈ-யை மூன்று அடுக்குக்கு உயர்த்தினால் க கிடைக்கும், அதாவது க = ஈ³. அடிப்படை இவ்வளவுதான்.

சரி, அவள் போட்ட கணக்கு இது:

எல்என்(1 − க) + எல்என்(3 − க) = எல்என்(8)

இரண்டு மடக்கைகளின் கூட்டல், பெருக்கலின் மடக்கை. ஆகவே (1 − க)(3 − க) = 8. விரித்தால் க² − 4க − 5 = 0. காரணிப்படுத்தினால் (க − 5)(க + 1) = 0. இதுவரை அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

"இப்போ 5-ஐ எடுத்து முதல் வரியில போடு. கடைசி வரியில இல்ல, முதல் வரியில" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "1 − 5... மைனஸ் 4. எல்என்(−4) வருது. அது கிடையாதே பெரியம்மா."

"மைனஸ் 1-ஐப் போடு."

"1 − (−1)... 2. இன்னொன்னு 4. எல்என் 2, எல்என் 4, கூட்டினா எல்என் 8." இந்த முறை மௌனம் இன்னும் நீளமாக இருந்தது. "அப்போ மைனஸ் வந்தா அடிக்கணும்னு சொல்றதெல்லாம்?"

அந்த 'விதி' எங்கிருந்து பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலும் வருவது இந்த மாதிரி:

எல்என்(க) + எல்என்(க − 3) = எல்என்(10)

இதில் க² − 3க − 10 = 0, விடைகள் 5, −2. இங்கே −2-ஐ அடிக்க வேண்டியதுதான், ஏனென்றால் முதல் உறுப்பே எல்என்(−2) ஆகிவிடும். இப்படிப் பத்துக் கணக்கு போட்டால், குறை எண் வந்தாலே கை தானாகப் பேனாவைத் தூக்கும். ஆனால் அடிபட்டதற்குக் காரணம் க குறை எண்ணாக இருந்தது இல்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது குறை எண்ணாக மாறியதுதான் காரணம். உள்ளே க மட்டும் இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே 1 − க வந்தவுடன் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும்.

"உள்ளே ஏன் குறை எண் வரக்கூடாது?" என்று அவள் கேட்டாள். ஈ-யை எந்த மெய்யெண் அடுக்குக்கு உயர்த்தினாலும் மிகை எண்தான் கிடைக்கும், அதனால் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அது சரியான பதிலும்கூட. ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறொரு படம், அதையே அவளுக்கும் சொன்னேன்.

ஒரு எண்ணுக்கு நேரே அதன் தலைகீழியை உயரமாக வைத்து ஒரு வரைபடம் வரையுங்கள். 1-க்கு நேரே உயரம் 1, 2-க்கு நேரே அரை, 3-க்கு நேரே மூன்றில் ஒன்று. வலப்பக்கம் போகப் போகத் தாழ்ந்துகொண்டே போகும் வளைவு. 1-இலிருந்து 2 வரை இந்த வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு 0.6931... அதுதான் எல்என்(2). 1-இலிருந்து 8 வரை உள்ள பரப்பு எல்என்(8). பரப்பு சரியாக 1 ஆகிற இடம் எதுவோ அதுதான் ஈ.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், 3-இலிருந்து 6 வரை உள்ள பரப்பும் அதே 0.6931-தான். அகலம் மூன்று மடங்காகிறது, உயரம் மூன்றில் ஒரு பங்காகிறது, பரப்பு மாறவில்லை. அப்படியானால் 1-இலிருந்து 6 வரையுள்ள பரப்பை, 1-இலிருந்து 3 வரை ஒரு துண்டு, 3-இலிருந்து 6 வரை ஒரு துண்டு என்று வெட்டினால், எல்என்(6) = எல்என்(3) + எல்என்(2). பெருக்கல் கூட்டலாக மாறுவது மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாக இல்லாமல், காகிதத்தில் கத்தரித்து ஒட்டிப் பார்க்கக்கூடியதாக ஆகிவிடுகிறது.

இந்தப் பரப்பின் குணத்தை ஆராய்ந்து கிரெகுவா த சென் வின்சென்ட் என்ற சேசு சபைத் துறவி 1647-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அது மடக்கையின் குணமே என்று 1649-இல் எடுத்துச் சொன்னவர் அதே சபையைச் சேர்ந்த சராசா. நேப்பியர் தன் மடக்கை அட்டவணைகளை வெளியிட்டது 1614-இல். அதாவது மடக்கை முதலில் பெருக்கல் வேலையைக் குறைக்கும் அட்டவணையாக வந்தது; அது ஒரு வளைவின் பரப்பு என்பது தெரிய மேலும் முப்பத்தைந்து ஆண்டு ஆனது. 'இயல் மடக்கை' என்ற பெயரை 1668-இல் நிக்கோலஸ் மெர்காட்டர் தன் நூலில் கையாண்டார் (உலக வரைபடத்துக்குப் பேர்போன மெர்காட்டர் வேறு, அவர் முந்தைய நூற்றாண்டுக்காரர்). அந்த மாறிலிக்கு ஈ என்ற எழுத்தைப் பிடித்துக் கொடுத்தவர் ஆய்லர். 1731-இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது.

இப்போது அந்த வளைவில் 1-இலிருந்து இடப்பக்கமாக நடங்கள். அரை வரை போனால், திரும்பி நடப்பதால் பரப்பைக் கழித்தலாக எண்ண வேண்டும்: எல்என்(1/2) = −0.6931. ஆக மடக்கையின் மதிப்பு குறை எண்ணாக இருப்பதில் எந்தத் தடையும் இல்லை. இன்னும் இடப்பக்கம், 0-வை நெருங்க நெருங்க வளைவு செங்குத்தாக மேலே போகிறது, பரப்பு எல்லையில்லாமல் பெருகுகிறது. 0-வைத் தொட முடியாது. தொட முடியாததைத் தாண்டி அந்தப் பக்கம் எப்படிப் போவது? எல்என்(−4) இல்லை என்பதை நான் அந்தச் சுவரின் படமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். கலப்பெண்களை உள்ளே விட்டால் வேறு கதை. இங்கே பேசுவது மெய்யெண்களை மட்டும்.

அவளுடைய கணக்குக்குத் திரும்புவோம். 5 என்ற பொய்யான விடை எந்த வரியில் உள்ளே நுழைந்தது? சேர்த்து எழுதிய வரியில். எல்என்(1 − க) + எல்என்(3 − க) என்று தனித்தனியாக இருந்தபோது இரண்டு காவலர்கள் நின்றார்கள்: 1 − க மிகை எண்ணாக இருக்க வேண்டும், 3 − க மிகை எண்ணாக இருக்க வேண்டும். (1 − க)(3 − க) என்று சேர்த்தவுடன் காவல் ஒன்றாகிவிட்டது: பெருக்கல்பலன் மிகை எண்ணாக இருந்தால் போதும். க = 5 என்றால் (−4) × (−2) = 8. இரண்டு குறைகள் கைகோத்துக்கொண்டு வாசலைக் கடந்துவிட்டன.

ஆகவே கணக்கைத் தொடும் முன்பே, ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் நிபந்தனையை எழுதிவிடுவது என் வழக்கம். இங்கே க < 1, க < 3. இரண்டும் சேர்ந்தால் க < 1. பக்கத்தின் மேல் மூலையில் அதை எழுதி வட்டம் போட்டுவிட்டால், கடைசியில் 5 வரும்போது யோசிக்கவே வேண்டாம். சில சமயம் கணக்கே அந்த மூலையில் முடிந்துவிடும். எல்என்(க − 4) + எல்என்(1 − க) = 0 என்று ஒன்றைக் கொடுத்தேன். அவள் விரித்து, க² − 5க + 5 = 0 என்று கொண்டுவந்து, வர்க்கமூலம் போட்டு, 3.618, 1.382 வரை போய்விட்டாள். க நான்கைவிடப் பெரியதாகவும் ஒன்றைவிடச் சிறியதாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா என்று முதல் வரியிலேயே பார்த்திருந்தால் அங்கேயே பேனாவை மூடியிருக்கலாம்.

இதுவரை சொன்னது ஓரளவு எல்லா ஆசிரியர்களும் சொல்வதுதான். கடைசியில் விடையைச் சரிபார் என்பார்கள், சரிபார்த்தால் பொய் விடை சிக்கிவிடும். நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது அடுத்த விஷயத்துக்காக. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சேர்க்கும்போது பொய் விடைகள் உள்ளே வரும். பிரிக்கும்போது உண்மையான விடைகள் வெளியே போய்விடும். இந்த இரண்டாவது நடக்கும்போது எந்தச் சரிபார்ப்பும் உங்களுக்குச் சொல்லாது.

எல்என்((க − 2)²) = எல்என்(25)

அடுக்கை முன்னால் கொண்டுவா என்பது எல்லோருக்கும் மனப்பாடம். 2 எல்என்(க − 2) = 2 எல்என்(5), ஆகவே க − 2 = 5, க = 7. முதல் வரியில் போட்டுப் பாருங்கள், 5² = 25, சரியாக இருக்கும். சந்தோஷமாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஆனால் க = −3 என்பதும் விடைதான்: −3 − 2 = −5, அதன் வர்க்கம் 25. வர்க்கம் இருந்தவரை உள்ளே மிகை எண்தான் இருந்தது. 2-ஐ முன்னால் இழுத்த கணத்தில் நாம்தான் க − 2 மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்ற புதிய காவலரை, கேட்காமலே நிறுத்திவிட்டோம். அவர் −3-ஐ வெளியே தள்ளிவிட்டார். கையில் இருக்கும் 7-ஐ எத்தனை முறை சரிபார்த்தாலும், காணாமல் போனது அங்கே இல்லாததால் அகப்படாது. பொய் விடை கையில் இருக்கிறது, எந்த நேரமும் தூக்கிப் போடலாம். தொலைந்த விடையைத் தேட வேண்டும் என்ற எண்ணமே வராது.

இதனால்தான் நான் பிரிப்பதைவிடச் சேர்ப்பதையே விரும்புகிறேன். பிரித்தே ஆக வேண்டும் என்றால் 2 எல்என்|க − 2| என்று, குறியை விட்டு அளவை மட்டும் எடுக்கும் மட்டுக்குறியோடு எழுதிவிட வேண்டும். அந்த இரண்டு செங்குத்துக் கோடுகள் −3-ஐக் காப்பாற்றிவிடும்.

விடை தொலைகிற இன்னொரு இடம் வகுத்தல். (எல்என்(க))² = 2 எல்என்(க) என்று ஒரு கணக்கு. இரு பக்கமும் எல்என்(க) இருக்கிறதே என்று வகுத்தால் எல்என்(க) = 2, க = ஈ². அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் க = 1-ஐப் போட்டுப் பாருங்கள், இரு பக்கமும் 0. எல்என்(1) பூச்சியம் என்பதால், வகுத்தபோது பூச்சியத்தால் வகுத்திருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து எல்என்(க)-வைப் பொதுவாக வெளியே எடுத்திருந்தால் 1 தொலைந்திருக்காது.

அவள் அடுத்துக் காட்டிய கணக்கு எனக்கு ஒரு நல்ல வாய்ப்பாக அமைந்தது.

(எல்என்(க))² − எல்என்(க) − 6 = 0

எல்என்(க)-வை ஒரே எழுத்தாக நினைத்தால் சாதாரண இருபடி. மதிப்புகள் 3, −2. இவள் மறுபடி −2-ஐ அடித்திருந்தாள். "எல்என்ல மைனஸ் வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

நான் சொன்னது எல்என்னுக்கு உள்ளே. இந்த −2 எல்என்னிலிருந்து வெளியே வருவது, 1-க்கு இடப்பக்கம் நடந்தபோது பார்த்தோமே, அது. ஆகவே க = ஈ³, ஏறக்குறைய 20.09; அல்லது க = 1/ஈ², ஏறக்குறைய 0.1353. இரண்டும் உண்மை.

உடனே நான் பக்கத்திலேயே இதை எழுதச் சொன்னேன்: ஈ-இன் 2க அடுக்கு, அதிலிருந்து ஈ-இன் க அடுக்கைக் கழி, அதிலிருந்து 6-ஐக் கழி, மொத்தம் 0. அதே இருபடி, அதே 3, −2. ஆனால் இங்கே அந்த −2 என்பது ஈ-இன் ஓர் அடுக்கின் மதிப்பு. அது ஒருநாளும் குறை எண்ணாக ஆகாது. இங்கே −2 செத்தது. மிச்சம் க = எல்என்(3), 1.0986. ஒரே இருபடிச் சமன்பாடு, ஒரே −2, ஒரு கணக்கில் உயிரோடு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், அடிப்பதற்கு முன் "இது யாருடைய மைனஸ்?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். பத்துப் பயிற்சிக் கணக்கைவிட இந்த ஒரு ஜோடிதான் பயன்படும் என்பது என் அனுபவம்.

சின்னச் சின்னத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். எல்என்(க) = எல்என்(3) + 2 என்று இருந்தால் எல்என்னை இரு பக்கமும் நீக்கி க = 5 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எல்என் பெருக்கிக்கொண்டு நிற்கும் எண் இல்லை, நீக்குவதற்கு. அந்த 2-ஐயும் எல்என்(ஈ²) என்று மாற்றினால் வலப்பக்கம் எல்என்(3ஈ²) ஆகும்; இப்போது இரு பக்கமும் முழுக்க ஒரே எல்என்னுக்குள் இருப்பதால் க = 3ஈ², அதாவது 22.17 அளவில். எல்என்(12)/எல்என்(4) என்பது எல்என்(3) ஆகாது. எல்என்(2க + 1) = 3 மாதிரி கணக்கில் விடையை (ஈ³ − 1)/2 என்றே கடைசி வரை வைத்திருங்கள், முதலிலேயே 20.09 என்று சுருக்கிவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் பிழை ஒட்டிக்கொண்டே வரும்.

எனக்கு முப்பது வயதுக்கு மேல் புரிந்தது என்று சொன்னேன் அல்லவா, அது வேலையில். குளிர்ந்துகொண்டிருக்கும் பொருள்களின் வெப்பநிலைப் பதிவுகளைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. சுற்றுப்புறத்தோடு உள்ள வெப்பநிலை வித்தியாசம் ஈ-இன் அடுக்காகக் குறைகிறது என்ற நியூட்டனின் குளிர்தல் விதிதான் அடிப்படை. சுற்றுப்புறம் 20 பாகை, பொருள் 80 பாகை, அது 50 பாகைக்கு வர எவ்வளவு நேரம்? வித்தியாசம் 60-இலிருந்து 30 ஆகிறது, பாதி. நிமிடத்துக்கு 0.05 என்பது குளிர்தல் மாறிலி என்றால் நேரம் எல்என்(2)/0.05, ஏறக்குறைய 13.86 நிமிடம்.

பைத்தான் நிரல்மொழியில் எழுதி வைத்திருந்த சூத்திரத்தை ஒருநாள் எக்செலுக்கு மாற்றினேன். விடை 6.02 நிமிடம் என்று வந்தது. இரண்டு மணி நேரம் பதிவுகளில் கோளாறு தேடினேன், அளவிகளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் 13.86-ஐ 6.02-ஆல் வகுத்துப் பார்த்தேன்: 2.30. எல்என்(10) என்பது 2.302585. அப்போதுதான் புரிந்தது. பைத்தானில் லாக் என்றால் இயல் மடக்கை. எக்செலில் லாக் என்று மட்டும் எழுதினால் பத்தடிமான மடக்கை. இயல் மடக்கைக்கு எல்என் என்றே எழுத வேண்டும். அதற்குப் பிறகு எங்கே இரண்டு விடைகள் 2.3 மடங்கு வித்தியாசத்தில் நின்றாலும் முதலில் மடக்கையைத்தான் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் பல வருடம் இது ஏன் என் கண்ணில் படவில்லை? மூன்றின் எந்த அடுக்கு 20 என்ற கேள்விக்கு எல்என்(20)/எல்என்(3) = 2.727. இதையே பத்தடிமான மடக்கையில் போட்டாலும் அதே 2.727-தான். மேலும் கீழும் ஒரே 2.3 இருப்பதால் ஒன்றையொன்று வெட்டிவிடுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விடை சரியாக வந்துகொண்டிருந்ததால், இரண்டு பொத்தானும் ஒன்றுதான் என்ற அலட்சியம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. எல்என் தனியாக நிற்கும் முதல் சூத்திரத்தில் அது பிடிபட்டது. அந்த வாரம்தான் மடக்கைப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன், பதினேழு வயதில் போட்ட கோடும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

போனை வைக்கும் முன் அவள் கேட்டாள்: "க + எல்என்(க) = 0, இது எப்படிப் போடறது? எதைச் செஞ்சாலும் க ஒரு பக்கம் தனியா வரமாட்டேங்குது."

வராது. எல்என்னை நீக்க ஈ-யை அழைத்தால், வெளியே இருக்கும் க அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுக்கைக் கீழே இறக்க எல்என்னை அழைத்தால் பழைய இடத்துக்கே வருவோம். நமக்குத் தெரிந்த கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம், மடக்கை எதைக்கொண்டும் இதைப் பிரித்தெடுக்க முடியாது. இப்படிப்பட்டவற்றுக்கென்றே லாம்பர்ட் சார்பு என்று ஒன்று இருக்கிறது. லாம்பர்ட் 1758-இல் இதையொட்டிய சமன்பாடுகளை ஆராய்ந்தார், ஆய்லர் 1783-இல் அதை மேலே கொண்டுபோனார். ஆனால் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு கணிப்பான் போதும்.

சமன்பாட்டை க = ஈ-இன் −க அடுக்கு என்று மாற்றி எழுதிக்கொள்ளச் சொன்னேன். 0.5-இல் ஆரம்பித்து, வந்த விடையையே திரும்பத் திரும்ப உள்ளே போட வேண்டும். 0.6065, 0.5452, 0.5797, 0.5601, 0.5712... மேலும் கீழும் ஆடி ஆடி, 0.5671 என்ற இடத்தை நோக்கி அடங்கிக்கொண்டு வருகிறது. அவள் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசித்தாள். பதினைந்தாவது முறை தாண்டியதும் "நின்னுடுச்சு பெரியம்மா!" என்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்து அதையே க = −எல்என்(க) என்று எழுதி அதே 0.5-இல் ஆரம்பிக்கச் சொன்னேன். அதே சமன்பாடுதான். 0.6931, 0.3665, 1.0037, −0.0037. ஐந்தாவது முறை கணிப்பான் பிழை என்று காட்டியது. ஒவ்வொரு அடியிலும் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் 0 என்ற சுவரைத் தாண்டிவிட்டது. விடைக்குப் பக்கத்தில் முதல் வடிவத்தின் சாய்வு அளவில் 0.567, ஒவ்வொரு அடியும் பிழையைச் சுருக்கும். இரண்டாவதன் சாய்வு 1.76, ஒவ்வொரு அடியும் பிழையை ஊதும். அவசரம் என்றால், வளைவின் தொடுகோட்டைப் பிடித்து விடையை நெருங்கும் நியூட்டன் முறை இருக்கிறது: 0.5-இல் ஆரம்பித்தால் 0.5644, அதற்கடுத்து 0.56714. இரண்டே அடியில் ஐந்து தசம இடங்கள் சரி.

மணி பத்தாகியிருந்தது. நாளைக்குப் பள்ளி, போய்த் தூங்கு என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் இன்னொரு படம் வந்திருந்தது. அவளே உண்டாக்கிய கணக்கு:

எல்என்(−க) + எல்என்(க + 7) = எல்என்(10)

முதல் அடைப்புக்குறிக்குள் −க-வைப் பார்த்ததும் என் கை ஒரு கணம் தயங்கியது. மேல் மூலையில் எழுதினேன்: க < 0, க > −7. சேர்த்தேன், விரித்தேன். க² + 7க + 10 = 0. விடைகள் −2, −5. எல்என்(2) + எல்என்(5), எல்என்(5) + எல்என்(2). இரண்டுமே குறை எண், இரண்டுமே சரி.

படத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: "ரெண்டையும் அடிக்காதீங்க பெரியம்மா."